மாலையின் நடுக்காசு

பிப்ரவரி 19, புதன்

டாக்டரம்மா சொல்லித்தான் இதை எழுதுகிறேன். ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை மட்டும் பத்தாதாம். கோபம் வந்தால் கத்தாமல், எதையும் தூக்கி எறியாமல், ஒரு டைரியில் எழுத வேண்டுமாம். என் கோபத்துக்கு இந்த ஒரு டைரி காணாது. கடைக்கு ஃபேன் சப்ளை செய்யும் கம்பெனிக்காரன் ஓசியில் கொடுத்தது, அதனால் நஷ்டமில்லை.

இன்றைய கோபம்: ஈரோட்டில் ஒரு கிறுக்கன். நாங்கள் பழைய காசு சேர்க்கிறவர்கள் வைத்திருக்கும் வாட்ஸப் குழுவில் ஒரு விக்டோரியா ரூபாயைப் போட்டோ எடுத்துப் போட்டு, புழக்கத்துக்கே போகாத காசு என்று எழுதியிருக்கிறான். புழக்கத்துக்குப் போகாத காசா அது? நாலு தலைமுறை மடியில் கிடந்து தேய்ந்திருக்கிறது. ராணியின் காதுக்கு மேலே ஓடும் முடிக்கோடுதான் முதலில் தேயும். அப்புறம் கன்னம், அப்புறம் சட்டையில் இருக்கும் பூ. இவன் காசில் முடியே இல்லை, மொட்டைத் தலை. அதையே எழுதினேன். அழுகிற பொம்மைப் படத்தைப் போட்டுவிட்டுக் குழுவை விட்டுப் போய்விட்டான்.

கோவில்பட்டியில் கேட்டால் என்னை லைட்டுக்கடை தனுஷ்கோடி என்பார்கள். ஆனால் காசு சேர்க்கிறவனிடம் கேட்டால் தெரியும். சென்னையிலிருந்து நகைக்கடை முதலாளி போட்டோ அனுப்பி, அண்ணாச்சி ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்கள் என்று காத்துக் கிடக்கிறார். நான் சொன்னால் அதற்கு அப்பீல் கிடையாது.

பிப்ரவரி 23, ஞாயிறு

அண்ணன் மகன் கொம்பையா வந்து ரெண்டு இட்லி தின்றுவிட்டுப் போனான். என் அண்ணன் போய்ச் சேர்ந்தபோது இவனுக்கு ஏழு வயது. நானும் என் பெண்டாட்டி செல்லக்கனியும்தான் வளர்த்தோம். எங்களுக்குப் பிள்ளை இல்லாததால் இவன்தான் எல்லாம். பெல்ட்டை எடுத்தால்தான் படிப்பான், பெல்ட்டை எடுத்துத்தான் படிக்க வைத்தேன். இன்றைக்கு லோடு ஆட்டோ மூன்று ஓடுகிறது அவனுக்கு.

சிவராத்திரிக்குச் சித்தப்பாவும் கோயிலுக்கு வரவேண்டும் என்றான். ராத்திரி கண் முழிக்கக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறாள் என்றேன். வீரபாகு அண்ணன் முகத்தில் முழிக்க எனக்கு என்ன அவசரம்.

வீரபாகு எனக்குப் பங்காளி. கீழவீட்டுக்காரன். நாங்கள் மேலவீடு. குலசாமியின் பெட்டி மூன்று வருடம் எங்கள் வீட்டில், மூன்று வருடம் அவர்கள் வீட்டில் இருக்கும். சாமியின் துணிமணி, வேல், வெள்ளி ரூபாய் கோர்த்த மாலை எல்லாம் அதற்குள். வருடத்துக்கு ஒருமுறை சிவராத்திரிக்குத்தான் திறப்பது. மறுநாள் ஆடு வெட்டி முடிந்ததும் பூட்டிவிட்டால் அடுத்த சிவராத்திரி வரைக்கும் யார் சொன்னாலும் திறக்கக்கூடாது. இப்போது பெட்டி வீரபாகு கையில். பைபாஸில் புரோட்டாக்கடை போட்டிருக்கிறவன், சாமிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெரிய மனிதன் மாதிரி நடக்கிறான். ஒரு கல்யாண வீட்டில் என்னைக் காட்டி, 'இவன் போட்டோவப் பாத்து ஜோசியம் சொல்லுத ஆளு' என்று பந்தி முழுக்கச் சிரிக்க வைத்தான். அதை நான் எப்போதோ மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 26, புதன்

செல்லக்கனி மட்டும் கோயிலுக்குப் போனாள். நான் பழம் தின்றுவிட்டுப் படுத்துவிட்டேன்.

பிப்ரவரி 27, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலையில் எழுந்து பார்த்தால் பங்காளிகள் குழுவில் சாமி போட்டோ. சாமி கழுத்தில் ரூபாய் மாலை. பெரிதாக்கிப் பார்த்தேன். நடுவில் இருக்கும் விக்டோரியா ரூபாயில் ராணியின் முடிக்கோடு எண்ணி எடுக்கிற மாதிரி துல்லியமாகத் தெரிகிறது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று வருடத்துக்கு முன்னால் பெட்டியை வீரபாகுவிடம் ஒப்படைத்தபோது நானே எடுத்த போட்டோ போனில் இருக்கிறது. அதில் அந்த ராணி மொட்டை. கன்னமெல்லாம் மழுங்கிப் போயிருக்கிறது.

தேய்ந்த வெள்ளி திரும்ப வளராது. மாலையை எடுத்துக்கொண்டு, சந்தையில் விற்கும் வெள்ளிமுலாம் போலிக்காசைக் கோர்த்து வைத்தால்தான் இப்படிப் புதுசாகத் தெரியும். ரெண்டு போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குழுவில் போட்டேன். கூடவே வாயாலும் சொல்லி அனுப்பினேன்: "மாலைய மாத்திட்டான். பெட்டி கையில இருந்த மூணு வருசத்துல வீரபாகு மாத்திட்டான். இது போலி. நான் சொல்லுதேன்."

அந்த நேரம் கோயிலில் ஆடு வெட்டிக்கொண்டிருந்தார்களாம். யாரோ நான் பேசியதைச் சத்தமாக வைத்திருக்கிறான். வீரபாகு இலை போட்டுக்கொண்டிருந்தவன், இல்லப்பா, நேத்துக் கழுவினோம், பூந்திக்கொட்டைத் தண்ணியில ஊறப்போட்டுக் கழுவினோம் என்று சொல்லிக்கொண்டே வந்தானாம். கொம்பையா ஆடு வெட்டின அரிவாளை வாங்கி அவன் கழுத்துக்கு வீசியிருக்கிறான். வீரபாகு கையைக் குறுக்கே கொடுத்துவிட்டான். வலது கை. கட்டைவிரல் மட்டும் மிச்சம், உள்ளங்கையில் பாதியும் விரல்கள் நாலும் ஆட்டு ரத்தத்தில் விழுந்து கிடந்தனவாம். ரெண்டாவது வெட்டு தோளில். மூன்றாவது வெட்டுக்குள் இழுத்துப் பிடித்துவிட்டார்கள். விரல்களைப் பால்காரரின் ஐஸ் பெட்டியில் வைத்து மதுரைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

செல்லக்கனி சேலையெல்லாம் ரத்தத்தோடு வந்தாள். வீரபாகு தலையை மடியில் வைத்திருந்தாளாம். குளித்துவிட்டு உட்கார்ந்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லை.

கழுவினானாம். கழுவினால் முடி முளைக்குமா?

மார்ச் 1, சனி

விரல் ஒட்டவில்லையாம். கொம்பையாவைக் கொலை முயற்சி என்று உள்ளே தள்ளிவிட்டார்கள்.

மேலவீட்டார் என் கண்ணைப் பாராட்டிக் குழுவில் எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தபோது செல்லக்கனி பேசினாள். ஒரு மனுசன் கை போயிருக்கு, உங்களுக்கு வாட்ஸப்புல புகழ்ச்சி கேக்குதோ என்றாள். கை ஓங்கினேன். அவ்வளவுதான். அவள் நகர்ந்தபோது கதவு பட்டுவிட்டது. டாக்டரம்மாவிடம் இதைக் காட்ட வேண்டியதில்லை.

மார்ச் 3, திங்கள்

செல்லக்கனி முந்தானையை இழுத்துக் காதோடு மூடிக்கொண்டே திரிகிறாள். பல்வலியாம். தண்ணீர் லாரிக்குக்கூடப் பக்கத்து வீட்டுக்காரியைக் குடம் பிடிக்கச் சொன்னாள்.

கடையில் டியூப்லைட் சரக்கு வந்தது. ரெண்டு உடைந்திருந்தது.

மார்ச் 12, புதன்

வக்கீலைப் பார்த்தேன். நல்ல மனிதர், ஆனால் பீஸ் வாங்கும்போது கண்ணைப் பார்க்கமாட்டார். சாமி சொத்தைத் திருடினான், அந்த ஆத்திரத்தில் பையன் நிதானம் இழந்தான் என்று காட்டினால் தண்டனை குறையும் என்றார். மாலை போலி என்பதற்கு நீங்கள்தான் சாட்சி, உங்கள் வாயில்தான் பையன் வாழ்க்கை இருக்கிறது என்றும் சொன்னார். கீழவீட்டார் மேல் திருட்டுப் புகாரும் கொடுத்தாயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் வீரபாகுவைப் பிடிப்பார்கள்.

ஜட்ஜ் ஐயாவுக்குப் போனில் காட்டினால் புரியாதாம். ரெண்டு போட்டோவையும் பெரிதாக அடித்துக் கொண்டு வரச் சொன்னார்.

மார்ச் 15, சனி

ப்ளெக்ஸ் கடையில் கொடுத்து அடித்தேன். ஒவ்வொரு காசும் தாம்பாளம் அளவுக்கு வந்திருக்கிறது. கடைக்காரப் பையன், யாருண்ணே இந்தம்மா, எலெக்சன்ல நிக்கிறாங்களா என்றான். நான் சிரிக்கவில்லை.

வீட்டில் சுவரில் சாத்தி வைத்துப் பார்த்தேன். விளிம்பில், கீழே இடதுபக்கம், ஒரு சின்ன வெட்டு இருக்கிறது. ரெண்டிலும் இருக்கிறது. மாலையில் கோர்த்த காசில் வெட்டு விழுவது சகஜம்தான்.

மார்ச் 16, ஞாயிறு

எந்தக் குழுவில் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது, விளிம்பைப் பார் என்பதுதான். முகம் ஏமாற்றும். விளிம்பில் விழுந்த வெட்டு கைரேகை மாதிரி, ஒரு காசுக்கு இருப்பது இன்னொரு காசுக்கு இருக்காது.

அன்றைக்கு நான் விளிம்பைப் பார்க்கவில்லை.

இன்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வெட்டுக்குப் பக்கத்தில் ஒரு கீறல், கொக்கி மாதிரி வளைகிறது. ரெண்டிலும் வளைகிறது. பழைய போட்டோவில் ராணியின் தலைப்பக்கம் லேசாக மஞ்சள் அடிக்கிறது. போன் விளக்கின் மஞ்சள் என்று நினைத்திருந்தேன். விளக்காக இருந்தால் எல்லா இடத்திலும் அடிக்க வேண்டும், இது பள்ளத்தில் மட்டும் இருக்கிறது. சந்தனம். சந்தனக்காப்பு களைந்த கையோடு நான் போட்டோ எடுத்தேன். வருடா வருடம் அப்பிய சந்தனம் காய்ந்து முடிக்கோட்டையெல்லாம் அடைத்துவிட்டிருக்கிறது. எங்கள் மேலவீட்டில் பெட்டி இருந்தபோது யாரும் கழுவவில்லை. சாமி மேலே கிடந்த சந்தனம், அதைக் கழுவக்கூடாது என்று நினைப்போம். அவர்கள் கழுவியிருக்கிறார்கள்.

அதே காசு. அதே மாலை.

ப்ளெக்ஸ் ரெண்டையும் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டேன். வக்கீலிடம் மிஷின் ரிப்பேர் என்று சொன்னேன்.

மார்ச் 19, புதன்

மேலவீட்டுப் பையன்கள் நாலு பேர் சேர்ந்து புரோட்டாக்கடையை அடித்து நொறுக்கிவிட்டார்கள். வீரபாகுவின் பெண்டாட்டி முப்பிடாதி மதினி தனியாகக் கடையைத் திறந்து டீ மட்டும் போட்டுக்கொண்டிருந்தாளாம். அண்டாவில் கொதித்த பாலை வேலைக்காரன் காலில் ஊற்றியிருக்கிறார்கள். தோல் உரிந்து வந்துவிட்டது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள், என் கடையில் நின்றுகொண்டு, என் செலவில் கலர் சோடா குடித்துக்கொண்டு. காசுக் களவாணி என்று கடைச் சுவரில் பெயின்ட்டால் எழுதிவிட்டு வந்தார்களாம்.

அவர்கள் போனபிறகு ஒரு பெட்டி பல்பைத் தரையில் போட்டு மிதித்தேன்.

மார்ச் 27, வியாழன்

மாத்திரை சாப்பிட்டும் தலை சுற்றுகிறது. குழுவில் யாருக்கும் தரம் சொல்லவில்லை. எட்டுப் பேர் போட்டோ அனுப்பியிருக்கிறார்கள். திறந்தே பார்க்கவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

பங்காளிகள் கூடிப் பேசினார்கள். சிவராத்திரி மறுநாள் பூட்டின பெட்டியைப் போலீசுக்காகக்கூடத் திறக்கக்கூடாது, அது முறையில்லை. அதனால் சத்தியம். வருகிற வெள்ளிக்கிழமை கோயிலில் வைத்து நான் உள்ளங்கையில் சூடம் ஏற்றி, அதைக் கையாலேயே அணைத்து, மாலை மாறியது உண்மை என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் கீழவீட்டில் வீரபாகு குடும்பத்துக்குக் கோயிலும் கிடையாது, நல்லது கெட்டதும் கிடையாது. போலீசும் அதையே எழுதிக்கொள்ளும்.

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 10, வியாழன்

கொம்பையா ஜாமீனில் வந்துவிட்டான். தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். மெலிந்து போயிருந்தான். முதுகில் வரிவரியாகத் தடிப்பு, உள்ளே அடித்திருக்கிறார்கள். செல்லக்கனி கோழி அடித்துப் போட்டாள். எலும்பைக் கடித்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தான். சின்னப் பையனாக இருக்கும்போது கணக்குச் சரியாகப் போட்டுவிட்டால் இப்படித்தான் பார்ப்பான்.

நாளைக்கு என்ன சொல்லப்போகிறேன் என்று எழுதிப் பார்த்தேன். எழுதியதைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். இவனை ஜெயிலுக்கு அனுப்பவா இத்தனை வருடம் சோறு போட்டேன்? வீரபாகுவுக்குப் போன கை போனதுதான். பேரும் போனால் போகட்டும் என்று ஒரு நேரம் தோன்றுகிறது. அப்படித் தோன்றுவது எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

ஏப்ரல் 17, வியாழன்

ஆஸ்பத்திரி. தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். விலாவில் ரெண்டு எலும்பு. உள்ளங்கை வெந்திருக்கிறது, அது இடது கை என்பதால் எழுத முடிகிறது.

வெள்ளிக்கிழமை நடந்தது.

கோயில் முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். வீரபாகு அண்ணன் ஒரு பக்கம் நின்றான். வலது கையில் துணி சுற்றி, மொட்டையாக, முழங்கை வரைக்கும் கட்டியிருந்தது. ஆள் பாதியாகிவிட்டான். முப்பிடாதி மதினி அவனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காலில் செருப்பு மாற்றிப் போட்டிருந்தான், ஒற்றைக் கையால் அவசரத்தில் மாட்டியிருப்பான் போல.

சூடத்தை உள்ளங்கையில் வைத்துப் பற்றவைத்தார்கள். சுட்டது. ரெண்டு வார்த்தை சொல்லிவிட்டுக் கையை மூடினால் வேலை முடிந்தது. என் வாய்க்குள் அந்த ரெண்டு வார்த்தையும் தயாராக இருந்தன, சத்தியமாக இருந்தன. நான் நல்லவன் என்று இங்கே எழுதிக்கொள்ளப் போவதில்லை. வீரபாகு அந்தக் கையைத் தூக்கி மூக்கைச் சொறியப் பார்த்தான். விரல் இல்லை என்பது அவனுக்கே மறந்துவிட்டது. துணி மூக்கில் பட்டதும் கையை இறக்கிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்தான். நான் பார்த்தேன்.

கையை இறுக்கி மூடினேன். "அதே மாலைதான். நடுக்காசும் அதே காசு. விளிம்புல வெட்டு ரெண்டு போட்டோலயும் இருக்கு. நான் தப்பாச் சொல்லிட்டேன். வீரபாகு அண்ணன் எதையும் எடுக்கல."

கொம்பையா மெதுவாக எனக்கு நேரே வந்து நின்றான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது.

"நீங்க சொன்னதாலதான சித்தப்பா வெட்டுனேன்" என்றான்.

ஆமாம்யா என்றேன்.

"இப்ப இல்லங்கீங்க."

ஆமாம் என்று சொல்லி முடிப்பதற்குள் பந்தல்காரன் போட்டிருந்த இரும்புக் குழாயை எடுத்துவிட்டான். முதல் அடி தாடையில். என் பல் என் நாக்கில் உருண்டது தெரிந்தது. விழுந்தபிறகு விலாவில் மிதித்தான். ஒவ்வொரு மிதிக்கும் சித்தப்பா, சித்தப்பா என்று கூப்பிட்டுக்கொண்டே மிதித்தான். மேலவீட்டார் ஒருவரும் பிடிக்கவில்லை. முப்பிடாதி மதினிதான் ஓடிவந்து என் மேல் குப்புற விழுந்தாள். அவள் முதுகிலும் ரெண்டு விழுந்தது. அதற்குப் பிறகுதான் பிடித்தார்கள்.

ஏப்ரல் 19, சனி

இன்ஸ்பெக்டர் வந்தார். யார் அடித்தது என்று கேட்டார். வழுக்கி விழுந்தேன் என்று தாளில் எழுதிக் காட்டினேன். ஜாமீன் போய்விடுமே.

செல்லக்கனி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். எழுந்தாள். முந்தானையைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, இன்ஸ்பெக்டருக்கு நேராகத் திரும்பிக் காட்டினாள். காதுக்குக் கீழே கன்னம் கிழிந்த தழும்பு இன்னும் சிவந்துதான் இருந்தது.

"கொம்பையாதான் சார் அடிச்சான். இவருகிட்டப் படிச்சதுதான் அது. இது இவரு அடிச்சது. இந்தக் காது கேக்காது சார் எனக்கு, ஆறு வருசமா. நான் யாருட்டயும் சொன்னதில்ல. எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டார். சாயங்காலம் கொம்பையாவைக் கொண்டுபோய்விட்டார்கள்.

ஏப்ரல் 21, திங்கள்

கதவு பட்டது என்று எழுதியிருக்கிறேன். கதவு படவில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

வீடு. செல்லக்கனி அவள் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். கஞ்சி வைத்துக் குடிக்கத் தெரிந்துகொண்டேன். முதல் நாள் அடிப்பிடித்தது. திருட்டுப் புகாரை நானே ஸ்டேஷனுக்குப் போய் வாபஸ் வாங்கினேன். குழுவிலும் எழுதினேன், காசு சேர்க்கிறவர்கள் குழுவில். இனி யாருக்கும் போட்டோ பார்த்துத் தரம் சொல்லமாட்டேன் என்றும் அதற்கு என்ன காரணம் என்றும் முழுக்க எழுதினேன். கைகூப்பும் படம் நிறைய வந்தது. ஈரோட்டுக்காரன் குழுவில் இல்லை, அவனுக்குத் தனியாக எழுதினேன். படித்திருக்கிறான், பதில் போடவில்லை.

மே 4, ஞாயிறு

பைபாஸுக்குப் போனேன். சுவரில் எழுதியிருந்ததைச் சுண்ணாம்பு அடித்து மறைத்திருக்கிறார்கள். எழுத்து இன்னும் லேசாகத் தெரிகிறது. நானே ஒரு டின் பெயின்ட் வாங்கிக்கொண்டு போயிருந்தேன், அடித்து முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, அடியுங்கள் என்றும் சொல்லவில்லை.

வீரபாகு அண்ணன் புரோட்டாக் கல் முன்னால் நின்று இடது கையால் மாவை வீசிப் பழகிக்கொண்டிருந்தான். வீசியது விரியாமல் மடங்கிப் போய்த் தரையில் விழுந்தது. எடுத்துத் தூசியைத் தட்டிப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்த உருண்டையை எடுத்தான். அதுவும் விழுந்தது. என்னைப் பார்த்து உட்கார் என்று தலையால் சாடை காட்டினான்.

தாடை கட்டியிருப்பதால் எனக்குப் புரோட்டா இறங்காது. முப்பிடாதி மதினி ஒரு கிண்ணத்தில் சால்னா மட்டும் ஊற்றி, ஆற்றி, உறிஞ்சு குழாய் ஒன்றும் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். எதிரே பெஞ்சில் உட்கார்ந்தாள். முதுகு இன்னும் வலிக்கிறது போல, நிமிராமல்தான் உட்கார்ந்தாள். அப்புறம் கேட்டாள், சண்டைக்குக் கேட்கவில்லை, ரொம்ப நாளாகத் தெரிந்துகொள்ள நினைத்ததைக் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

"அன்னைக்குக் காலையில ஒரு நடை வந்து, மாலையக் கையில வாங்கிப் பாத்திருக்கலாம்லா தம்பி? சாமி கழுத்துலதான கெடந்துச்சு. ஒங்க வீட்ல இருந்து ஸ்கூட்டர்ல கால் மணி நேரம்."

தாடையில் கம்பி இருந்ததால் பதில் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. அந்த நேரத்தில் அதற்குச் சந்தோஷப்பட்டேன். கிண்ணத்தைக் காலி பண்ணிவிட்டு வீட்டுக்கு வந்து, அப்படிச் சந்தோஷப்பட்டதை நினைத்து, வாயைத் திறக்க முடியாமல் அழுதேன்.